கதவை மூடுங்க, நிகானோர்!

"காபி கருகியிருக்கு" என்று நிகானோர் சொல்லிவிட்டால், எலாதியாவின் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கடை திறந்த நாளிலிருந்து அந்த மனுஷன் அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாத நாள் ஒன்றே ஒன்றுதான், அவருடைய மனைவியை அடக்கம் செய்த நாள். மறுநாள் வந்து இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

லெயோன் ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது அந்த பார். முன்னால் நின்று ஊற்றிக் கொடுப்பது எலாதியா, உள்ளே அடுப்படியில் அவள் கணவன் கின்தீன். ஒரு கோப்பை ஒயின் வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டு, காசு கிடையாது. ஒருநாள் பூண்டு சூப், ஒருநாள் ரொட்டித் துண்டின் மேல் ரத்தப்பொரியல், ஒருநாள் உருளைக்கிழங்கு ஆம்லெட். இலவசமாகக் கொடுக்கிற அந்தத் தட்டில்தான் ஊரில் இருக்கிற அத்தனை குறையும் கண்டுபிடிக்கப்பட்டது. உப்பு தூக்கல், உப்பு மட்டம், ரொட்டி நேற்றையது, வெங்காயம் போட்டிருக்கக் கூடாது, வெங்காயம் ஏன் போடவில்லை.

"ஓசில தின்னுட்டு வாயைப் பாரு" என்று எலாதியா பல்லைக் கடிப்பாள்.

"விடு எலாதியா. அந்த நிகானோர் பொறந்தப்பவே தாய்ப்பால் சூடா இல்லைன்னுதான் அழுதிருப்பான்" என்பான் கின்தீன். அவனுக்கென்ன, சுவருக்கு அந்தப் பக்கம் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பவன். நேருக்கு நேர் நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறவளுக்கல்லவா தெரியும்.

அந்தக் கடைக்கு என்று ஒரு கதவு இருந்தது. மழை பெய்தால் உப்பிக்கொள்ளும், வெயில் அடித்தால் தரையைப் பிறாண்டும். பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும். அந்த வித்தை தெரியாத வெளியூர்க்காரன் வெளியே நின்று தள்ளிக்கொண்டே இருப்பான், உள்ளே இருப்பவர்கள் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். திறக்கும்போது கழுத்தைத் திருகிய கோழி மாதிரி ஒரு கத்தல் கத்தும். உடனே கடையில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். வந்தது யார் என்று பார்த்து, பெயரைச் சொல்லி, "கதவை மூடுய்யா!" என்று ஒரே குரலில் கூச்சல் எழும். ஏனென்றால் அந்தக் கதவு தானாக மூடாது, லெயோனில் அடிக்கிற குளிர்காற்று யாருக்காகவும் வாசலில் காத்து நிற்காது.

இதில் பெரிய குற்றவாளி நிகானோர்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் செய்தித்தாள், ஒரு கையில் குடை, கதவை மூட மூன்றாவது கை இல்லை. தினமும் திறந்து போட்டுவிட்டு வருவார். தினமும் கடையே எழுந்து, "நிகானோர்! கதவு!" என்று கத்தும். "மூடுறேன், மூடுறேன், உயிரை வாங்காதீங்க" என்று முனகிக்கொண்டே திரும்பிப் போய் மூடுவார். அப்புறம் நேராகக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, காற்று அடிக்கிறது என்பார்.

"அந்தப் பக்கம் வந்து உட்காருங்களேன், யாரு வேணாங்கிறா?" என்று எலாதியா கேட்பாள்.

"இது என் இடம்."

"அப்ப காத்து அடிக்கத்தான் செய்யும்."

"ஏம்மா, ஒரு கதவைச் சரி பண்ண துப்பில்ல, கடை நடத்துறியாம்."

அவரோடு டோமினோ ஆடுகிறவர்கள் மூன்று பேர். இறைச்சிக்கடை வைத்திருந்த தோரிபியோ, தபால் அலுவலகத்தில் இருந்த பெனிக்னோ, அப்புறம் 'பாதிரி'. பாதிரி பாதிரியார் இல்லை, இளவயதில் குருமடத்தில் சேர்ந்து ஒரு குளிர்காலம்கூடத் தாங்காமல் ஓடிவந்தவர். பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது. நான்கு பேரும் பளிங்குக்கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காயை ஓங்கிக் குத்துவார்கள், துப்பாக்கி வெடித்த மாதிரி இருக்கும். குத்திவிட்டு, கல் சில்லென்று இருக்கிறது, முழங்கை மரத்துப்போகிறது என்று புலம்புவார்கள். ஆலிவ் கொட்டையைத் துப்புவதும், வாய் துடைத்த காகிதத்தைக் கசக்கிப் போடுவதும் தரையில்தான். போட்டுவிட்டு, தரையைப் பார் எவ்வளவு அசிங்கம் என்பார்கள். காபி இயந்திரம் லாரி மாதிரி உறுமுகிறது, பேச்சே கேட்கவில்லை. டிவி அலறுகிறது. அணைத்தால், ஏன் அணைத்தாய்.

எலாதியாவுக்கு ஒரே ஓர் ஆசை. நிகானோர் வாயிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நல்லா இருக்கு எலாதியா" என்று வரவேண்டும். சின்ன ஆசைதான், ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட அதைத்தான் நினைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கையில் அந்த வசந்தத்தில் எதிர்ப்பக்கம் ஒரு புதுக் கடை திறந்தார்கள். வாசல் முழுக்கக் கண்ணாடி. ஆள் கிட்டே வந்தாலே இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிற கதவு. மெத்தை வைத்த இருக்கைகள், தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு, யாரும் கத்துவதில்லை. நிகானோர் ஒருநாள் காலையில் அங்கே போய்விட்டு வந்தார்.

"என்ன, எதிர்க்கடைக்கு விருந்துக்குப் போயிட்டு வந்தீங்களாமே?" என்று எலாதியா கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். சாதாரணமாகக் கேட்ட மாதிரிதான் கேட்டாள். கோப்பை உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

"போனேன்."

"காபி எப்படி?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். எத்தனை வருடம் எவ்வளவு காபி ஊற்றியிருப்பாள்! அவளுக்குக் கிடைக்காத வார்த்தை, நேற்று முளைத்த கடைக்காரனுக்கு ஒரே காலையில் கிடைத்துவிட்டது. எலாதியாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றிரவு படுத்தபின்னும் அணையவில்லை.

"கின்தீன், இந்த ஆகஸ்ட்ல நாம எங்கயும் போகல."

"கடலுக்கு?"

"கடல் அங்கயேதான் இருக்கும். கடையைச் சரி பண்றோம்."

ஆகஸ்டில் அந்தத் தெருவில் எல்லாக் கடையும் இரண்டு வாரம் அடைத்துவிடும். 'விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளர்கள் அந்த இரண்டு வாரமும் போக்கிடம் இல்லாமல் தெருவில் அலைந்து, சபித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். இந்த முறையும் எலாதியா காகிதத்தை ஒட்டினாள். உள்ளே தச்சன் எவெலியோவை விட்டு வேலையை ஆரம்பித்தாள்.

அவர்கள் சொன்ன குறை எதையும் விடவில்லை. காதில் கேட்டது எல்லாம் மனப்பாடமாக இருந்தது. பளிங்கு மேசைகள் மேல் பச்சைக் கம்பளித் துணியைப் பசைபோட்டு ஒட்டினார்கள். மேடையடியில் கால் வைக்கும் கம்பிக்குக் கீழே வரிசையாகக் குப்பைக்கூடைகள் வந்தன. பூனை மாதிரி மெதுவாகச் சீறுகிற புதுக் காபி இயந்திரம் வந்தது. டிவி ஓரமாக, சத்தம் குறைவாக. கடைசியாகப் புதுக் கதவு. விரலால் தொட்டால் திறக்கும், விட்டால் தானே பதவிசாக மூடிக்கொள்ளும், ஒரு முனகல் கிடையாது. மேலே மூடுகிற கருவியைப் பொருத்திவிட்டு எவெலியோ இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பழைய கதவைத் தூக்கிக்கொண்டு போய் முயல்கூண்டு செய்துவிட்டான்.

"கடல்ல கால் நனைக்காம ஒரு ஆகஸ்டா" என்று கின்தீன் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

செப்டம்பரில் கடை திறந்தது. எலாதியா காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி இருந்தாள். மதியம் ஆயிற்று. முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் பாட்டில்களை அடுக்கினாள். எதற்கோ திரும்பினால், நிகானோர் உள்ளே நிற்கிறார். கையில் செய்தித்தாள். நாற்காலிக்குப் போகாமல் கதவை ஒட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அய்யய்யோ, எப்ப வந்தீங்க? சத்தமே இல்ல!"

"இப்பதான்" என்றார். கொஞ்ச நேரமாகவே நிற்பவர் மாதிரிதான் இருந்தது.

"கதவு எப்படி?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அது ஏற்கனவே மூடியிருந்தது. "நல்லா இருக்கு" என்றார்.

எலாதியா காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். "இதுவும் நல்லா இருக்கு."

அடுப்படிக்கு ஓடினாள். "சொல்லிட்டாரு! கின்தீன், சொல்லிட்டாருய்யா!"

"யாரு?"

"நிகானோர்! நல்லா இருக்குன்னாரு. ரெண்டு தடவை!"

கின்தீன் கத்தியைக் கீழே வைத்தான். "ஏன், உடம்புக்கு ஏதாச்சுமா அவருக்கு?"

அன்று எலாதியா சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் அந்த வாரம் போன போக்கு அப்படி.

மற்ற மூவரும் வந்தார்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்கள். தோரிபியோ நல்லா இருக்கு என்றார், பெனிக்னோ நல்லா இருக்கு என்றார். துக்க வீட்டில் சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு, முகம் தூங்குற மாதிரியே இருக்கு என்பார்களே, அந்தக் குரல். டோமினோ ஆடினார்கள். தோரிபியோ பழைய ஞாபகத்தில் காயை ஓங்கிக் குத்தினார், துணிமேல் தொப் என்று விழுந்தது. தலையணையில் குத்திய மாதிரி. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அடுத்த காயை மெதுவாக வைத்தார். பாதிரி வாயில் ஆலிவ் கொட்டையை அதக்கிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அதை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, நற்கருணை அப்பத்தை ஏந்திப் போகிற மாதிரி நடந்து கூடையில் போட்டுவிட்டு வந்தார். ஒரு கொட்டைக்கு ஒரு நடை. மூன்றாவது கொட்டைக்குப் பிறகு ஆலிவைத் தொடவில்லை.

கத்தல் இல்லை. சண்டை இல்லை. இயந்திரம் உறுமவில்லை, அதனால் ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்டது, அதனால் யாரும் பேசவில்லை. யார் வந்தாலும் யாருக்கும் தெரியவில்லை. பெனிக்னோ ஒருநாள் வந்து, ஒரு ஒயின் குடித்துவிட்டுப் போனதையே மறுநாள்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஆட்டம் அரை மணியில் முடிந்தது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. முதலில் தோரிபியோ வராமல் நின்றார், பின்னால் பெனிக்னோ. பாதிரிக்கு மூட்டுவலி என்றார்கள். இவர்களின் கூச்சலைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்க்கிற ரயில்வேக்காரர்களும் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். இலைகள் மஞ்சளாவதற்குள் எலாதியா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கூடைகள் புதுசாகவே இருந்தன.

நிகானோர் மட்டும் வந்துகொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் கதவருகே கொஞ்சம் நிற்பார். அப்புறம் போய் உட்காருவார். காபி குடிப்பார். நல்லா இருக்கு என்பார்.

எலாதியாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது உடம்பு கூசியது. ஒருநாள் வேண்டுமென்றே காபியைக் கருகவிட்டாள். இயந்திரத்தில் தூளை அடைத்து, பாலைப் பொங்கவிட்டு, தார் மாதிரி ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினாள். நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நிகானோர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"நல்லா இருந்துச்சு. நன்றி."

நன்றி! அந்தக் கடையில் அதுவரை யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. ரயில் நிலையத்தில் வழி கேட்பவர்கள் சொல்கிற வார்த்தை அது.

மறுநாள் அவரும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் எலாதியா ஜன்னல் துடைக்கும்போது பார்த்தாள். எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால், மெத்தை இருக்கையில், நிகானோர். செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். மறுநாளும். அதற்கு மறுநாளும் அதே இடம்.

"பாத்தியா! பாத்தியாய்யா அந்த ஆளை! கடையையே தலைகீழா மாத்தி வச்சேன், கடைசில எதிர்க்கடைக்காரன் மெத்தைல போய் உக்காந்துட்டாரு!"

கின்தீன் எட்டிப் பார்த்தான். "தனியாத்தான் உக்காந்திருக்காரு" என்றான்.

"தனியா உக்காந்தா என்ன, கூட்டமா உக்காந்தா என்ன? துரோகம் துரோகம்தான்!"

"அப்ப போய்க் கேளேன். என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது, நானா போய் அங்க உக்காந்தேன்?"

எலாதியா ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. தெருவைத் தாண்டினாள். கண்ணாடிக் கதவு மரியாதையாக விலகிக்கொண்டது. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது. கோபமாக வருபவளுக்கு இடிக்க ஒரு கதவாவது வேண்டாமா? உள்ளே தாலாட்டுப் பாட்டு. நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஏன்யா, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

நிகானோர் நிமிர்ந்தார். பக்கத்து மேசையில் மடிக்கணினி வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள்.

"கதவு சரியில்லன்னீங்க, மாத்தினேன். கல்லு சில்லுனு இருக்குன்னீங்க, துணி போட்டேன். தரை அசிங்கம்னீங்க, கூடை வச்சேன். மெஷின் உறுமுதுன்னீங்க, அதுக்கு நான் இன்னும் மாசாமாசம் கட்டிக்கிட்டிருக்கேன்! என் புருஷன் கடலைப் பாக்கல இந்த வருஷம். இன்னும் என்னதான்யா வேணும் உங்களுக்கு? உங்க வாயால ஒரு குறை சொல்லுங்க, ஒண்ணு சொல்லுங்க, அதையும் சரி பண்ணித் தொலைக்கிறேன்!"

"ஒரு குறையும் இல்லம்மா" என்றார் நிகானோர். "எல்லாம் நல்லா இருக்கு."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" அவள் மேசையில் அடித்தாள். மெத்தையும் மரமுமாக இருந்த அந்தக் கடையில் அது சத்தமே போடவில்லை. "நல்லா இருந்தா ஏன்யா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பையில் போடுகிற அளவுக்கு ஆனபின்னும் மடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாருக்கும் என்னைத் தெரியாது" என்றார். "தெரியவும் வேணாம். இது அந்நியர் கடை, அந்நியனா உக்காந்து குடிச்சிட்டுப் போறேன், அது சரியா இருக்கு. உன் கடைல அப்படி உக்கார முடியல, எலாதியா."

"அந்நியனா? உங்களையா?"

"கதவு கத்துமே, ஞாபகம் இருக்கா?"

"அதை மறக்க முடியுமா? தலைவலியே அதுதானே."

"கத்தும். நீங்கல்லாம் திரும்புவீங்க. 'நிகானோர், கதவை மூடு'ன்னு உயிர் போற மாதிரி கத்துவீங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் வீட்ல என் பேரைச் சொல்ல ஆள் இல்லம்மா. மகன் போன் பண்ணினா 'அப்பா'ங்கிறான். ஆஸ்பத்திரில நம்பர் சொல்லிக் கூப்பிடுறாங்க. நாள் முழுக்க என் பேரு காதுல விழறது அந்த ஒரு தடவைதான். புதுக் கதவு போட்ட முதல் நாள் வந்து நின்னேன். நின்னு பாத்தேன். ஒருத்தரும் திரும்பல."

எலாதியாவுக்கு அது புதுசு. அவர் தினமும் கதவைத் திறந்து போட்டது மறதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மூட மூன்றாவது கை இல்லாததால் என்று நினைத்திருந்தாள். பாவி மனுஷன், பாவி மனுஷன் என்று உள்ளுக்குள் திட்டினாள். அழுகை வந்தது. அழுகை வந்ததில் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? வெங்காயம் ஜாஸ்தின்னு சொல்லத் தெரியுதுல்ல?"

"இதெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

அப்போதுதான் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். அந்தக் கடையில் எத்தனையோ இருக்கை காலியாகக் கிடந்தது, சூடேற்றிக்குப் பக்கத்தில் அருமையான மூலை. நிகானோர் உட்கார்ந்திருந்தது ஜன்னலோரம், தெருவைப் பார்த்து. நேர் எதிரே தெரிந்தது அவளுடைய வாசல். அவள் திரும்பி நடந்தாள்.

சாயங்காலமே எவெலியோவைக் கூப்பிட்டாள்.

"கதவு பழைய மாதிரி கத்தணும்" என்றாள்.

"என்னது?"

"கத்தணும். இடிச்சாத்தான் திறக்கணும். தானா மூடக் கூடாது."

தச்சன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எலாதியா, எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க கதவைச் சரி பண்ற குடும்பம். கெடுக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. என் கையால நான் அதைச் செய்யமாட்டேன். ஊர்ல கேட்டா என்ன நினைப்பாங்க?"

"அப்ப அந்த முயல்கூண்டைத் திருப்பிக் குடு."

"முயல் குட்டி போட்டிருக்கு!"

எவ்வளவோ மல்லுக்கட்டினாள். மேலே இருந்த மூடுகிற கருவியைக் கழற்றித் தருவதற்கு மட்டும் கடைசியில் ஒப்புக்கொண்டான். அதையும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழற்றினான்.

எலாதியாவும் கின்தீனும் கத்தியை வைத்துத் துணியைக் கிழித்தார்கள். பசை போகவில்லை. பளிங்கு முழுக்கத் தேமல் வந்த மாதிரி ஆயிற்று. கூடைகளைக் கின்தீன் உருளைக்கிழங்குக்கு எடுத்துக்கொண்டான். எலாதியா தோரிபியோ வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி. விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், "உனக்குப் புண்ணியமாப் போகும், இந்த ஆளைக் கூட்டிட்டுப் போ" என்றாள் அந்த அம்மாள். "ஒரு மாசமா வீட்ல உக்காந்து என் சமையல்ல குறை சொல்லிக்கிட்டிருக்காரு. நான் என்ன பாவம் பண்ணினேன்?" தோரிபியோவே மற்ற இருவரையும் இழுத்து வந்துவிட்டார். எதற்குக் கூப்பிட்டாள் என்று மூவரிடமும் எலாதியா சொன்னாள். நாளைக்கு நிகானோரை நானே கூட்டி வருகிறேன் என்றார் பெனிக்னோ.

"கூட்டிட்டு வராதீங்க. தானா வரட்டும்" என்றாள் எலாதியா. கடைக்குள் விளக்கை எல்லாம் போட்டு, டிவியைக் கத்தவிட்டாள். எதிரே ஜன்னலோரம் இருப்பவருக்குத் தெரியாமலா போகும்?

மறுநாள் மதியம் காற்று பலமாக இருந்தது. மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். தோரிபியோ முதல் காயைக் குத்தினார். பளிங்கு வெடித்தது. எலாதியாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல், "மேசையை உடைங்க, உங்கப்பன் வீட்டு மேசைதானே" என்றாள். எல்லாருக்கும் கண் வாசலில்.

கதவு திறந்தது. அது கத்தவில்லை, பாழாய்ப்போன புதுக் கதவு, வெண்ணெய் மாதிரி திறந்தது. காற்று உள்ளே பாய்ந்து மேசையில் இருந்த காகிதங்களையெல்லாம் தரைக்கு அடித்தது. நிகானோர் உள்ளே காலை வைத்தார். ஒரு கையில் செய்தித்தாள், ஒரு கையில் குடை. பின்னால் கதவு விரியத் திறந்தபடி கிடந்தது. அவர் ஓர் அடி வைத்தார். அப்புறம் நின்றார். தலையைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை. குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கத்த வேண்டியவர்கள் மூவரும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர்களுக்குக் குரல் எழும்பவில்லை. எலாதியாவும் துடைக்கிற துணியோடு அப்படியே நின்றாள். இன்னும் ஒரு நொடி விட்டால் இந்த மனுஷன் திரும்பிப் போய்விடுவார் என்று தெரிந்தது. அடுப்படித் திரை விலகியது. கின்தீன் கரண்டியோடு எட்டிப் பார்த்து, என்ன நிற்கிறாய் என்பதுபோல் முறைத்தான்.

"நிகானோர்!" என்று எலாதியா கத்தினாள். குரல் உடைந்துபோய் வந்தது. அவளுக்கு அது போதவில்லை, இரண்டு கையையும் மேடையில் ஊன்றி, ரயில் நிலையம்வரை கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கத்தினாள். "நிகானோர்! கதவை மூடுங்க! உங்க வீட்ல கதவே கிடையாதா?"

அவ்வளவுதான், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "நிகானோர், கதவு!" "யோவ் நிகானோர், குளிர்ல சாகவா?" "நிகானோர், மூடித் தொலைய்யா!" பாதிரி மட்டும் விடாமல் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூடுறேன், மூடுறேன். உயிரை வாங்காதீங்க" என்றார் நிகானோர்.

திரும்பிப் போனார். மூடினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு மூடினார். மூடிய பிறகும் முகத்தைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் வந்து கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பளிங்கைத் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மேசையெல்லாம் பசை. சட்டை ஒட்டுது."

எலாதியா காபியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். அன்றைக்கு அதை அவள் கருகவிடவில்லை. சத்தியமாக, வாழ்நாளில் போட்டதிலேயே கவனமாகப் போட்ட காபி அது. நிகானோர் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"கருகியிருக்கு."

"பிடிக்கலன்னா எதிர்க்கடைக்குப் போங்க!"

"அங்க நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நிகானோர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் காய்களை அடுக்க ஆரம்பித்தார்.